டர்பனில் வீட்டு இன்டர்நெட்டின் ஐபி முகவரியை ரவுட்டர் வழியாக மாற்றுவது எப்படி?

‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, ஐபி மாறிடும்.’ யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். சில வீடுகளில் இது பலிக்கும். சில வீடுகளில் நாள் முழுக்க அணைத்துப் போட்டாலும் பழைய எண்ணே திரும்ப வந்து நிற்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ரவுட்டர் அல்ல, உங்கள் லைனுக்கு ஐபி எந்த வழியில் வந்து சேருகிறது என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். தெரிந்துவிட்டால் மாற்றுவது சின்ன வேலை. மாற்ற முடியாத லைன் என்று தெரிந்தால், மாலை முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டாமல் வேறு வேலையைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ டர்பன் பக்கம் வந்து, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று வாடகைக்கு இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவிலோ கேப்டவுனிலோ இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில், எதற்காக?

ஐபி மாற்றக் கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் அது தேவையில்லை. ‘நெட் மெதுவாக இருக்கிறது, ஐபி மாற்றினால் சரியாகுமா?’ என்று கேட்பார்கள். ஆகாது. சென்னைக்கு வீடியோ கால் விட்டுவிட்டு வருகிறதென்றால் சிக்கல் வைஃபையில் இருக்கலாம், கடலடிக் கேபிளிலும் இருக்கலாம். 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கரையருகே கேபிள்கள் அறுந்தபோது தென்னாப்பிரிக்கா உட்படப் பல நாடுகளில் இணையம் தள்ளாடியது. அன்றைக்கு எந்த ரவுட்டரை அணைத்துப் போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

இந்தியாவில் மட்டும் திறக்கும் தளங்களுக்காகக் கேட்பவர்களும் உண்டு: கிரிக்கெட் ஒளிபரப்பு, சீரியல், சில அரசுத் தளங்கள். ரவுட்டர் வழியாக எத்தனை முறை மாற்றினாலும் கிடைப்பது இன்னொரு தென்னாப்பிரிக்க முகவரிதான். நாடு மாறாது. அதற்கு விபிஎன் என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய தருணங்கள் சில உண்டு. உங்களுக்கு முன்னால் அந்த முகவரியை வைத்திருந்தவர் செய்த வேலையால் ஏதோ ஒரு தளம் உங்களை உள்ளே விடாமல் இருக்கலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘நீங்கள் ரோபோ இல்லையே?’ என்று படம் காட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆன்லைன் கேம் ஆடும் பையனின் ஐபியைப் பிடித்துக்கொண்டு யாரோ லைனையே திணறடிக்கலாம். வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர்கள் மோதிக்கொள்வதும் உண்டு. புதிதாக வருபவர்களிடம் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசி வகைதான், அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

குப்பை மெயில் வரும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியலில் உங்கள் ஐபி இருக்கிறது என்று எங்காவது காட்டினால் பதற வேண்டாம். அதில் பிபிஎல் என்றொரு பகுதி உண்டு. வீட்டு லைன்களின் முகவரிகளை மொத்தமாக அதில் போட்டுவைப்பது வழக்கம், வீட்டிலிருந்து நேராக மெயில் சர்வர் நடத்தக் கூடாது என்பதற்காக. குற்றச்சாட்டு ஒன்றுமில்லை, புதிய முகவரியும் அதே பட்டியலில்தான் இருக்கும்.

எந்த ஐபி?

உங்கள் போனுக்கு ரவுட்டர் கொடுக்கும் முகவரி ஒன்று. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், வீட்டுச் சுவரைத் தாண்டாது. ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைப்பது இரண்டாவது. ரவுட்டர் மெனுவில் இதற்கு ‘வான் ஐபி’ அல்லது ‘இன்டர்நெட் ஐபி’ என்று பெயர். வெளியுலகத் தளங்கள் உங்களைப் பார்க்கும் முகவரி மூன்றாவது. நல்ல லைனில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்து ரிலீஸ், ரினியூ என்று தட்டச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அந்தக் கட்டளை தொடுவது முதல் முகவரியை மட்டும்தான். வெளியே ஒன்றும் மாறாது.

இப்போது சோதனை. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் இருங்கள். விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். ஐபோனில் பிரைவேட் ரிலே போட்டிருந்தால் அதுவும் வேறு முகவரியைத்தான் காட்டும், எனவே அதையும் அணையுங்கள். அப்புறம் கூகிளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடி, வரும் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரவுட்டருக்குள் போக வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். டிபி-லிங்க் என்றால் 192.168.0.1 அல்லது 192.168.1.1, மைக்ரோடிக் என்றால் 192.168.88.1. ஹுவாவேயில் மாடலுக்கு மாடல் மாறும், ஸ்டிக்கரையே நம்புங்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் எண்ணைத் தட்டி உள்ளே போய், ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். தாளில் எழுதியதும் இதுவும் ஒன்றாக இருந்தால் நல்லது, மாற்ற வாய்ப்பு உண்டு. வான் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால் கதை வேறு. 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. அதே பக்கத்தில் இணைப்பு வகையும் எழுதியிருக்கும்: ‘பிபிபிஓஇ’ அல்லது ‘டைனமிக் ஐபி’. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு எல்லாம் அதை வைத்துத்தான்.

சுவரில் இருக்கும் பெட்டியும் மேசையில் இருக்கும் பெட்டியும்

ஊரில் ஒரே கம்பெனி கேபிளும் இழுத்து பில்லும் போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே கொஞ்சம் குழப்பம் வரும். ஃபைபரை இழுத்தவர் ஒருவர்: ஓப்பன்சர்வ், வூமாடெல், மெட்ரோஃபைபர், ஃப்ராக்ஃபுட் இப்படி யாராவது. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு இன்டர்நெட் தருபவர் இன்னொருவர். அஃப்ரிஹோஸ்ட், வெப்ஆஃப்ரிக்கா, ஆக்செஸ் என்று இவர்கள் ஏராளம். ஐபி முகவரியைத் தருவது பில் போடுபவர். அந்த முகவரி எந்த முறையில் வந்து சேருகிறது என்பது பெரும்பாலும் ஃபைபர்காரரின் நெட்வொர்க்கைப் பொறுத்தது. ஓப்பன்சர்வ் லைன்களில் பெரும்பாலும் பிபிபிஓஇ, வூமாடெலில் பெரும்பாலும் டைனமிக் ஐபி.

சுவரில் பொருத்திய சின்னப் பெட்டி ஓஎன்டி, அது ஃபைபர்காரருடையது. அதில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் லைனே போயிருக்கிறது என்று அர்த்தம், ஐபியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், புகார் கொடுங்கள். மேசையில் ஆன்டெனா வைத்து நிற்பதுதான் ரவுட்டர். இரண்டுக்கும் பின்னால் ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திப் போடுவது ரீஸ்டார்ட். அந்தத் துளையில் ஊசியைக் குத்துவது ரீசெட், எல்லாவற்றையும் அழித்துவிடும். பிபிபிஓஇ லைனில் அப்படி அழிந்தால் யூசர் நேம், பாஸ்வேர்டும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கஸ்டமர் கேர் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பிபிபிஓஇ லைனில்

இதுதான் சுலபமான வகை. ரவுட்டர் ஒவ்வொரு முறையும் யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைகிறது. ஒவ்வொரு நுழைவும் புது அமர்வு, பெரும்பாலும் புது ஐபி.

1. ரவுட்டர் மெனுவில் ‘நெட்வொர்க்’, அதற்குள் ‘இன்டர்நெட்’ அல்லது ‘வான்’ பகுதிக்குப் போங்கள். யூசர் நேமைத் தாளில் எழுதி வையுங்கள், பிற்காலத்துக்கு உதவும்.
2. ‘டிஸ்கனெக்ட்’ அழுத்துங்கள். வெறுமனே பிளக்கைப் பிடுங்குவதைவிட இது மேல். முறையாக வெளியேறினால் எதிர்முனை உடனே அமர்வை மூடிவிடும். பிளக்கைப் பிடுங்கினால் பழைய அமர்வு சற்று நேரம் தொங்கிக்கொண்டிருக்கும்.
3. ஐந்து நிமிடம் பொறுங்கள்.
4. ‘கனெக்ட்’ அழுத்தி, ஸ்டேட்டஸ் பக்கத்தில் புது எண்ணைப் பாருங்கள்.

டிஸ்கனெக்ட் செய்த உடனே தானாகவே மறுபடி இணைந்துகொள்ளும் ரவுட்டர்களும் உண்டு. அப்போது டிஸ்கனெக்ட் ஆன கையோடு ரவுட்டரின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். எண் மாறவில்லையென்றால் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் அதே எண் வந்தால் உங்கள் கம்பெனி அந்தக் கணக்குக்கு நிலையான முகவரி கொடுத்திருக்கக்கூடும்.

லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-இல் இந்த லைன் வைத்திருந்தவர்கள் ஐபி மாற்ற மெனக்கெடவே வேண்டியதில்லை. கரன்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் புது எண் கிடைக்க வாய்ப்பு இருந்தது. ரவுட்டருக்கு அந்தக் குட்டி யுபிஎஸ் வாங்கி மாட்டியவர்களுக்குத்தான் பழைய எண்ணே ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டிலும் அது இருந்தால் நினைவில் வையுங்கள்: சுவர் சுவிட்சை அணைத்தால் ரவுட்டர் அணையாது. யுபிஎஸ்ஸிலிருந்து வரும் வயரைக் கழற்ற வேண்டும்.

டைனமிக் ஐபி லைனில்

இங்கே யூசர் நேம் கிடையாது. டிஎச்சிபி என்ற முறையில் எதிர்முனை சர்வர் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறது. பாதிக் காலம் ஆனதுமே உங்கள் ரவுட்டர் குத்தகையை நீட்டிக்கக் கேட்கும், சர்வரும் சரி என்றுவிடும். அதனால் மாதக்கணக்கில் ஒரே எண் இருக்கும். நீங்கள் அணைத்துப் போட்டாலும் சர்வர் ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணைப் பார்த்து ‘பழைய ஆள்தானே’ என்று அதே எண்ணைத் தூக்கிக் கொடுக்கும்.

முதலில் நேர்வழியை முயலுங்கள். மெனுவில் ‘ரிலீஸ்’ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இது முகவரியைத் திருப்பிக் கொடுப்பது. உடனே ரினியூ அழுத்தினால் அதேதான் வரும். எனவே ராத்திரி படுக்கப் போகும்போது ரிலீஸ் அழுத்தி, ரவுட்டரையும் ஓஎன்டியையும் அணைத்துவிட்டு, காலையில் போடுங்கள். இடையில் குத்தகை முடிந்து அந்த எண் வேறு யாருக்காவது போயிருந்தால் உங்களுக்குப் புதியது வரும்.

அது நடக்காவிட்டால் அடுத்தது மேக் முகவரியை மாற்றுவது. ‘மேக் க்ளோன்’ என்ற பகுதி இன்டர்நெட் பக்கத்தின் அடியிலோ ‘அட்வான்ஸ்டு’ பகுதியிலோ இருக்கும். அங்கே பன்னிரண்டு எழுத்து எண் கலவை ஒன்று தெரியும். அதை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் கடைசி இரண்டு இடங்களை மட்டும் மாற்றுங்கள். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் எதை வேண்டுமானாலும் போடலாம். முன்பாதியைத் தொட வேண்டாம், அங்கே தப்பான எழுத்து விழுந்தால் ரவுட்டர் அதை ஏற்காது. சேமித்துவிட்டு ரவுட்டர், ஓஎன்டி இரண்டையும் அணைத்து, முதலில் ஓஎன்டியைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்தபின் ரவுட்டரைப் போடுங்கள். ஓஎன்டியை அணைக்காமல் விட்டால் சில நெட்வொர்க்குகள் பழைய மேக்கையே பிடித்துக்கொண்டு புதியதை மதிக்காது, நெட்டே வராமல் போகும். அரை மணி நேரம் கழித்தும் வராவிட்டால் போட்டோவைப் பார்த்துப் பழையதைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சில நெட்வொர்க்குகளில் சர்வர் மேக்கைப் பார்ப்பதே இல்லை, எந்த வீட்டு ஓஎன்டியிலிருந்து கேட்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும். அங்கே மேக்கை எப்படிப் புரட்டினாலும் அதே ஐபிதான் வரும். ஒரு தடவை பார்த்துவிட்டு, மாறவில்லையென்றால் கம்பெனிக்குப் போன் போடுவதே புத்திசாலித்தனம்.

100.64 என்று தொடங்கினால்

ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆப்பிரிக்காவுக்குப் பங்கிட்டுத் தரும் ஆஃப்ரினிக் மொரீஷியஸில், எபேனில் இருக்கிறது. அதன் கையிருப்பும் 2020 ஜனவரியில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதன்பின் ஒரு கம்பெனி கேட்டால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1024 முகவரிகள் என்று விதி வைத்தார்கள். போதாத முகவரியைப் பலருக்குப் பங்கு வைக்கக் கம்பெனிகள் பயன்படுத்தும் ஏற்பாடுதான் சிஜிநாட். ஒரே கேட் எண்ணுக்குள் முன்வீடு, பின்வீடு, மாடி என்று பல குடும்பங்கள் இருப்பதுபோல, ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கும். 4ஜி, 5ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களில் பலர் இதற்குள்தான் இருக்கிறார்கள்.

இதில் ரவுட்டரை அணைத்துப் போட்டால் வெளி ஐபி மாறலாம், ஆனால் அது உங்கள் கையில் இல்லை. புதிதாகக் கிடைப்பதையும் முன்பின் தெரியாத பலர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். ரோபோ கேள்விகள் அடிக்கடி வருவதற்கும் பல நேரம் இதுவே காரணம். தனி வெளி ஐபி வேண்டுமென்றால் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். சிலர் தருவார்கள், சிலர் மாதக் கட்டணம் கேட்பார்கள், சிலர் வீட்டு லைனுக்கு இல்லை என்பார்கள்.

ஐபிவி4-க்கு அடுத்து வந்த புது முகவரி முறையான ஐபிவி6-உம் கம்பெனி கொடுத்திருந்தால் பல தளங்கள் அதைத்தான் பார்க்கும். ஐபிவி4 மாறியும் தளம் உங்களை அடையாளம் கண்டால், ரவுட்டரில் ஐபிவி6-ஐத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

அவுட்பில்டிங்கில் குடியிருப்பவர்களுக்கு

சாட்ஸ்வொர்த்தில் வாடகைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு முதல் வீடு, பெரிய வீட்டின் பின்னால் கட்டிய அவுட்பில்டிங்தான். வாடகையோடு வைஃபையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். சிக்னல் எட்டாது. நீங்கள் ஒரு ரவுட்டர் வாங்கி, பெரிய வீட்டு ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து மாட்டுவீர்கள். நெட் வராது, அல்லது வந்து வந்து போகும்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: இரண்டு ரவுட்டர்களும் உள்ளே ஒரே எண்வரிசையைப் பயன்படுத்துகின்றன. இரண்டும் 192.168.0 என்றிருந்தால், எது வெளிப்பக்கம், எது உள்பக்கம் என்று உங்கள் ரவுட்டருக்கே புரியாது. இங்கே மாற்ற வேண்டியது உள் ஐபியை. பெரிய வீட்டிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, உங்கள் ரவுட்டருக்குள் போய் ‘லான்’ பகுதியில் ஐபி முகவரியை 192.168.50.1 என்று மாற்றிச் சேமியுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றே இருக்கட்டும். ரவுட்டர் மறுபடி கிளம்பும். இனி மெனுவுக்குப் போக 192.168.50.1 என்றுதான் தட்ட வேண்டும், ஸ்டிக்கரிலும் பேனாவால் எழுதிவிடுங்கள். அப்புறம் கேபிளை உங்கள் ரவுட்டரின் வான் துளையில் மாட்டி, இணைப்பு வகையை டைனமிக் ஐபி என்று வையுங்கள். வேலை முடிந்தது.

இதைவிடச் சுலபமான வழி, உங்கள் ரவுட்டரில் ‘ஆக்செஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிடுவது. அப்போது அது தனி ரவுட்டராக இல்லாமல் பெரிய வீட்டு வைஃபையை நீட்டிக்கும் கருவியாக மட்டும் இருக்கும். சிக்கலே இருக்காது. ஆனால் உங்கள் கருவிகளும் வீட்டுக்காரர் கருவிகளும் ஒரே வலைக்குள் வந்துவிடும். உங்கள் போனில் அவர்கள் டிவி தெரியும். தெரிந்த குடும்பம் என்றாலும் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

வெளி ஐபியை மாற்ற வேண்டுமென்றால் பெரிய வீட்டு ரவுட்டரில்தான் கை வைக்க வேண்டும். அது அவர்கள் பெயரில் உள்ள லைன். சொல்லாமல் தொடாதீர்கள்.

‘ஆன்ட்டி, வைஃபையைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணட்டுமா?’

‘அலாரம் அதுலதான் ஓடுது, பாத்துக்கோ.’

அதுவும் சரிதான். இங்கே பல வீடுகளில் அலாரம், கேமரா எல்லாம் வைஃபையில் தொங்குகின்றன. அலாரம் இணைப்பு அறுந்தால் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் கம்பெனியிலிருந்து, அதாவது அலாரம் அடித்தால் ஆயுதக் காவலரை அனுப்புபவர்களிடமிருந்து, போன் வரலாம். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறியபின் என்ன உடையும்?

வெளியிலிருந்து ஐபி எண்ணைக் கொடுத்துக் கேமரா பார்ப்பவர்களுக்கு அது நின்றுபோகும். மாறும் எண்ணுக்கு நிலையான பெயர் ஒன்றைத் தரும் டிடிஎன்எஸ் வசதியை ரவுட்டரில் போட்டுவைத்தால் எண் மாறினாலும் பெயர் மாறாது. வீட்டிலிருந்து கம்பெனி வேலை பார்ப்பவர்களின் ஐபியை அலுவலகம் பட்டியலில் சேர்த்திருந்தால், புது எண்ணோடு உள்ளே விடாது. வீட்டில் யாராவது அப்படி வேலை பார்க்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். சில ஆப்கள் மறுபடி ஓடிபி கேட்கும், அதோடு சரி. நீங்கள் டர்பனில் இருக்கும்போது சில தளங்கள் ஜோஹானஸ்பர்க் என்று காட்டினாலும் கவலை வேண்டாம், ஐபியை வைத்து ஊரைச் சொல்வது தோராயக் கணக்குதான்.

ஐபி மாற்றினால் ஆள் மறைந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தளங்கள் உங்களைக் குக்கீயாலும் லாகின் கணக்காலும்கூட அடையாளம் காணும். சிம் வாங்கும்போது பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்டார்களே, அந்த ரைக்கா சட்டம் 2002-ஆம் ஆண்டினது. தொடர்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் கடமையையும் அது சேவை நிறுவனங்கள்மேல் சுமத்துகிறது. எந்த ஐபி எப்போது யாரிடம் இருந்தது என்பது கம்பெனியின் பதிவில் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு எண் மாறவில்லையென்றால் பில் போடும் கம்பெனிக்குப் பேசுங்கள், ஃபைபர்காரருக்கு அல்ல. ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று தொடங்கினால் அரை மணி நேரம் ரவுட்டரை அணைக்கச் சொல்லியே ஓட்டுவார்கள். பிபிபிஓஇயா டைனமிக்கா, வான் ஐபி என்ன, கூகிள் காட்டிய எண் என்ன, எந்தத் தளம் எப்போதிலிருந்து தடுக்கிறது என்ற நாலு விவரத்தையும் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி: இந்த லைன் சிஜிநாட்டில் இருக்கிறதா? இருந்தால் வெளியே எடுக்க முடியுமா? என் பழைய குத்தகையை உங்கள் பக்கத்திலிருந்து அழித்துவிட முடியுமா? லைன் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் உங்களிடம் பேச மாட்டார்கள், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே போன் போடுங்கள்.